நுழைவுச்சீட்டும் ஒரு பொய்யும்



என் தாயார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மாலையில் வேலை முடிந்து வந்ததும் வானொலிப் பெட்டியின் அருகில்தான் அமர்ந்திருப்பார். அன்று அவர் கேட்டு மகிழ்ந்த பாடல்களுக்கு இசையமைத்தவர் கோலாலம்பூருக்கு வருகிறார் என்ற செய்தி கிடைத்தது. "ஒரு தடவை நேரில் கேட்க வேண்டும்" என்றார் அம்மா. அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

விற்பனை தொடங்கிய அன்று கணினியின் முன் அமர்ந்தேன். இணைய வரிசையில் ஒரு மணி நேரக் காத்திருப்பு. என் முறை வந்தபோது 98 வெள்ளிச் சீட்டுகள் முடிந்திருந்தன. 188 வெள்ளியில் மூன்று சீட்டுகளைத் தேர்ந்தெடுத்தேன். மொத்தம் 564 வெள்ளி. கடைசிப் பக்கத்தில் சீட்டு ஒன்றுக்கு 8 வெள்ளி சேவைக் கட்டணம் என்றார்கள். அதன் பிறகு, கடன் அட்டைக்கு மூன்று விழுக்காடு. முடிவில் 605 வெள்ளி 64 சென். பணம் செலுத்துவதற்கான நேரமோ ஓடிக்கொண்டிருந்தது. யோசிக்க அவகாசமின்றி பொத்தானை அழுத்தினேன்.

மறுநாள் இதனையே ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு விழுக்காட்டுக் கணக்காகக் கொடுத்தேன். விடையைச் சரியாகச் சொன்ன மாணவி ஒருத்தி, "டீச்சர், ஒரே தடவைதானே வாங்கினார்கள்? சேவைக்கு ஏன் மூன்று தடவை காசு?" என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை.

அரங்க வாடகை, ஒலி, ஒளி, கலைஞர்களின் பயணம் எனச் செலவுகள் பல என்பதை நான் அறிவேன். நம் நாட்டில் 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கேளிக்கை வரியும் உண்டு. ஆகவே, விலையை மட்டும் நான் குறைகூறவில்லை. முழுத் தொகையையும் முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டால், இயலாதவர் அப்போதே விலகிக்கொள்வார் அல்லவா? ஆசை காட்டி அழைத்துச் சென்று வாசலில் கூடுதல் பணம் கேட்பது முறையா?

விலை தெரிந்தால் அம்மா வரமாட்டார். எனவே, "பள்ளியில் இலவசமாகக் கொடுத்தார்கள்" என்றேன். நன்னெறிக் கல்வி போதிக்கும் நான் பொய் சொன்னேன்.

நிகழ்ச்சியன்று அம்மா இரண்டு மணி நேரம் கண்ணிமைக்காமல் அமர்ந்திருந்தார். சில பாடல்களுக்கு அவர் உதடுகள் மட்டும் அசைந்தன. அந்த முகத்தைப் பார்த்தபோது 605 வெள்ளி எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை பசியாறும்போது, கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த இருநூறு வெள்ளியை அம்மா என் முன் வைத்தார்.

"சீட்டில் பெரிதாக அச்சடித்திருக்கிறார்களே. மூன்றாம் வகுப்பு வரை நானும் தமிழ்ப்பள்ளியில்தான் படித்தேன்" என்றார்.

நான் தலைகுனிந்தேன். சேவைக் கட்டணம் மட்டும் சீட்டில் அச்சாகவில்லை. அதை நானும் சொல்லவில்லை.