எண்ணெய் ஒழுகிய சில்லு

எமது வீட்டு வளவில் ஒரு லொறி நிற்கிறது. பௌதிகவியல் கற்பிக்கும் ஆசிரியர் வீட்டில் லொறிக்கு என்ன வேலை என்று வாசகர் வினவக்கூடும். அது தந்தையார் விட்டுச் சென்ற முதுசொம். காணியும் நகையும் சகோதரிகளுக்குப் போக, எமக்கும் எமது இளவலுக்கும் பொதுவில் வந்து சேர்ந்தது இந்தப் பழைய பெட்போர்ட். 1958 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அறிமுகமான டி.ஜே. வகையைச் சேர்ந்தது, மூக்கு முன்னே நீண்டது, ஏறி இருந்தால் இக்காலத்து வண்டிகளுக்கில்லாத ஒரு கம்பீரம் தானே வந்துவிடும். எஞ்சின் இருமுறை மாறிவிட்டது. சட்டமும் பின் அச்சும் மாத்திரம் ஆதியில் வந்தவை.

1990 இன் பின் எரிபொருள் குடாநாட்டுக்கு வராதிருந்த காலத்தில் அவ்வண்டி மண்ணெண்ணெயில் ஓடிற்று. 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தை எறும்பூரும் வேகத்தில் கடந்த வண்டிகளுள் அதுவும் ஒன்று. அப்போது எமக்குப் பதினான்கு வயது. மேலே அயலவர் வீட்டுக் கிழவிகளும் குழந்தைகளும். நாம் பின் பலகையைப் பற்றிக்கொண்டு தொங்கினோம். அதனை விற்றுவிடலாமே என்று யோசனை கூற வருவோரை எமது தாயார் இன்றும் படலையோடு அனுப்பிவிடுவார்.

இளவல் அதனைக் கொண்டு பரந்தன் பக்கமிருந்து நெல் ஏற்றுகிறார். எமது பங்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் அதனைக் கழுவுவதும், நவராத்திரி வந்தால் ஆயுத பூசைக்கு அலங்கரிப்பதுமே. சென்ற நவராத்திரிக்கு எமக்கு உற்சாகம் சற்று மிகுந்துவிட்டது. மேற்பாகத்துக்குப் பூசி மிஞ்சிய கறுப்புப் பெயின்ற்றை வீணாக்குவானேன் என்று எண்ணி, வண்டியின் கீழே படுத்து, சட்டத்துக்கும் பின் அச்சுக்கும் இரண்டு கை தடிப்பாகப் பூசினோம். தாயார் கூட எட்டிப் பார்த்து, "புது லொறி மாதிரிக் கிடக்குது" என்றார். இவ்வேலையைச் செய்தவர் நாம் என்பதை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாட்காலை, இடப்பின் சில்லின் உட்புறத்தில் ரயரில் ஒரு கறுத்த கோடு தெரிந்தது. கீழே மணலில் உள்ளங்கையளவு ஈரம். தொட்டு மணந்து பார்த்தோம். பிறேக் எண்ணெயாயின் நீர்போல ஓடும், பெயின்ற்றையும் உரித்துவிடும். இதுவோ தேன்போலத் தடித்து, கந்தக வாடை வீசிற்று. அச்சுக்குள் இருக்கும் கியர் ஒயில் தான்.

அறியாத வாசகருக்கு ஒரு சொல். பின் அச்சு என்பது உள்ளே வெறுமையான ஒரு பெரும் இரும்புக் கூடு. நடுவில் பற்சில்லுகள் எண்ணெயிற் குளித்தபடி சுழலும். அவற்றிலிருந்து இருபுறமும் சில்லுகளுக்கு இரு தண்டுகள் செல்லும். எண்ணெய் அத்தண்டுகள் வழியே சில்லுக்குட் புகுந்துவிடாமல் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வளையம் காவல் நிற்கும். அதுவே 'ஒயில் சீல்'. உருக்கு வளையத்துள் மெல்லிய ரப்பர் உதடு. அவ்வுதட்டை உலோகத்தோடு அணைத்துப் பிடிக்க மயிர்போல நுண்ணிய ஒரு சுருள்வில். விலை அற்பம். ஆனால் அது தோற்றால் எண்ணெய் போய்ச் சேருமிடம் பிறேக்கின் உட்புறம் அன்றோ!

அண்மையிலுள்ள வாகனத் திருத்தகத்துக்குக் கொண்டு சென்றோம். அதனை நடத்துபவர் எமது பழைய மாணவர். க.பொ.த. சாதாரண தரத்தில் விஞ்ஞான பாடத்தில் இருமுறை தவறிய பின் படிப்பை விட்டு ஸ்பானரைப் பிடித்தவர். சீலை மாற்றித் தந்தார். மூன்று வாரம் ஒழுக்கு இல்லை. பின்பு பழையபடி அதே கோடு. தைப்பொங்கலுக்கு முன் மீண்டும் மாற்றினார். இம்முறை பத்து நாள் தாங்கவில்லை.

எமக்குச் சினம் பொங்கிற்று. முதலில் சீல் விற்ற கடைக்காரரைப் போலிச் சரக்கு விற்றவரென்று ஏசினோம். பின் திருத்தகத்துக்குப் போய், நாலைந்து பேர் நிற்கையில், "பள்ளிக்கூடத்திலும் அரைகுறை, இங்கும் அரைகுறையோ?" என்று கேட்டோம். அவர் கைத்துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே, "இன்னொருக்காப் பாக்கிறன், சேர்" என்றார். அவ்வளவே. நாம் வண்டியை நிறுத்தாமல் எடுத்து வந்துவிட்டோம். அறுவடைக்காலம், சொட்டுச் சொட்டாய்ப் போகும் எண்ணெயைக் காலைதோறும் ஊற்றிக்கொள்ளலாம் என்பது எமது கணக்கு.

மாசி மாதத்தில் ஒரு பிற்பகல், மீசாலைக்கு அண்மையில் ஒரு மாடு வீதியிற் குறுக்கிட்டது. இளவல் பிறேக்கை மிதித்தார். எண்ணெயில் ஊறிய இடப்பின் சில்லு பிடிக்கவில்லை. வலப்பின் சில்லு மாத்திரம் இறுகப் பிடித்தது. பாரம் ஏற்றிய வண்டி வலப்புறம் இழுத்துக்கொண்டு போயிற்று. எதிரே ஒரு பஸ். அந்தச் சாரதி ஒரு கணத்தில் கரையில் இறக்கியபடியால், நெல் மூட்டைகளின் மேலிருந்த இரு கூலியாட்களும், பஸ்ஸிலிருந்தவர்களும், எமது இளவலும் உயிரோடு வீடு திரும்பினர். இரண்டு மூட்டைகள் வீதியில் விழுந்து வெடித்தன. நாம் அந்நேரம் வகுப்பறையில் உயர்தர மாணவர்க்கு ஏதோ சமன்பாடு எழுதிக்கொண்டிருந்திருப்போம். அன்றிரவு இளவல் சோற்றுக் கோப்பையைத் தொடவில்லை, எம்மோடு பேசவுமில்லை.

மறுநாள் விடுமுறை போட்டுக்கொண்டு, வண்டியை மெல்ல உருட்டி, அதே திருத்தகத்தின் வாசலில் நிறுத்தினோம். வேறிடம் போயிருக்கலாம். கால் அங்கேதான் போயிற்று.

மாணவர் இம்முறை சில்லைத் தொடவேயில்லை. ஓடி வந்த சூடு ஆறுமுன் கீழே படுத்து, எண்ணெய் ஊற்றும் துளையின் மூடியை மெதுவாக இளக்கினார். 'புஸ்' என்றொரு சத்தம். காற்றும் எண்ணெயும் சீறிக்கொண்டு வெளியே வந்தன. அவர் எழுந்து, முகத்தைத் துடைத்து, மின்பந்தத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் உள்ளே போனார். அச்சுக் கூட்டின் உச்சியில் எதையோ சுரண்டும் சத்தம் கேட்டது.

"சேர், கோவிக்கக் கூடாது. இதுக்கு ஆர் பெயின்ற் அடிச்சது?"

குனிந்து பார்த்தோம். அச்சின் மேற்புறத்தில் சுண்டுவிரல் நுனியளவில் ஒரு சிறு குமிழ். பட்டறையில் அதனைப் 'பிறீதர்' என்பர்; அச்சு மூச்சுவிடும் வழி. வண்டி ஓடச் சூடேறும் காற்று அவ்வழியே வெளியேறும். ஆறும்போது உள்ளே வரும். அந்த மூச்சுத் துவாரத்தின்மேல் எமது ஆயுத பூசைப் பெயின்ற் இரண்டு கை தடிப்பாக இறுகிக் கிடந்தது.

இருபது ஆண்டுகளாக அமுக்க விதியைக் கற்பிக்கும் எமக்கு விளக்கம் வேறு வேண்டுமோ? அடைபட்ட காற்று, மாறாக் கனவளவு, 30 பாகையிலிருந்து 80 பாகைக்குச் சூடேறினால் தனி வெப்பநிலை 303 இலிருந்து 353 ஆகும், அமுக்கம் ஆறில் ஒரு பங்கு உயரும். சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ இரண்டரை இறாத்தல். மெல்லிய ரப்பர் உதடு அதனை எத்தனை நாள் தாங்கும்? எமது வகுப்பில் மாணவர் இக்கணக்கைப் பிழையாகச் செய்தால் சிவப்பு மையால் வட்டமிடுவோம்.

"எப்படிக் கண்டுபிடித்தீர்?" என்று கேட்டோம்.

"நீங்கள் தானே சேர் சொன்னனீங்கள், சைக்கிளை வெயிலுக்கை விட்டால் ரியூப் வெடிக்கும் எண்டு. ரண்டு சீலும் கழட்டேக்கை உதடு கிழியேல்லை. நல்ல சீல் ஏன் ஒழுகுது எண்டு யோசிச்சன். அண்டைக்கே பாக்க நினைச்சன். நீங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போட்டியள்."

பதினோராந் தரத்தில் வெப்ப விரிவைச் சொல்லும்போது ஆண்டுதோறும் நாம் கூறும் உதாரணம் அது. பரீட்சைத் தாளில் அவரால் அதனை எழுத முடியவில்லை.

பிறகு நாளெல்லாம் வேலை. நாமும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றோம். சில்லைக் கழற்றி, தண்டை உருவ, எண்ணெய் தட்டத்தில் வடிந்தது. ஹப்பை இழுத்து எடுத்தபோது பிறேக் லைனிங் தார் பூசியதுபோற் கறுத்துக் கிடந்தது. அதனை நெருப்பிற் காட்டி எண்ணெயை எரித்துவிடலாம் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் யோசனை சொன்னார். மாணவர் தலையசைத்தார். ஊறிய எண்ணெய் முற்றாகப் போகாது. சூடேறினால் மறுபடியும் மேலே வரும். இரண்டு பின் சில்லுக்கும் புது லைனிங் போடாவிட்டால் ஒரு பக்கம் இழுக்கும் என்றார். விலையைக் கேட்டு மூச்சை அடக்கிக்கொண்டு சம்மதித்தோம்.

சீலின் உதடு உராயும் உலோகத்தை நகத்தாற் கீறிப் பார்த்தார். பழைய உதடு நெடுங்காலம் ஓடி ஒரு மெல்லிய பள்ளம் விட்டிருந்தது. புதுச் சீலை எண்ணெயில் தோய்த்து, உதடு எண்ணெய்ப் பக்கம் நோக்க வைத்து, மரக்கட்டையால் சுற்றிச் சுற்றிச் சமமாகத் தட்டி இறக்கினார். அந்தப் பள்ளத்தில் படாதபடி ஒரு நூல் வெளியே நிறுத்தினார். பெயாரிங் நட்டை இறுக்கும்போது ஹப்பைக் கையாற் சுழற்றிக்கொண்டேயிருந்தார். இறுகியதும் சிறிது பின்வாங்கினார். எவ்வளவு என்று கேட்டோம். "கைக்குத் தெரியும் சேர்" என்றார். பிறீதரைப் பெற்றோலில் ஊறவைத்துக் கழுவி, வாயில் வைத்து ஊதிப் பார்த்து, எமது கையிலும் தந்தார். நாமும் ஊதினோம்.

சில்லைப் பூட்டும்போது, "தம்பி, அன்று சொன்ன சொல்..." என்று தொடங்கினோம்.

"அதை விடுங்கோ சேர். அந்தப் பெரிய ஸ்பானரை எடுங்கோ."

எடுத்துக் கொடுத்தோம். சீல் கடைக்காரரிடமும் அன்று மாலையே போனோம். அவர் எமது ஏச்சை மறந்திருந்தார்; அல்லது மறந்தவர்போல் இருந்தார்.

அதன்பின் ஒரு மாதம், விடிந்ததும் இடப்பின் சில்லடியில் ஒரு பழைய பத்திரிகைத் தாளை விரித்துவிட்டுப் பாடசாலைக்குப் புறப்படுமுன் பார்ப்பது எமது வழக்கமாயிற்று. தாள் வெண்மையாகவே இருந்தது. ஒருநாள் மாத்திரம் ஈரம் கண்டு திடுக்கிட்டோம். அது அயல்வீட்டு நாயின் கைங்கரியம். இளவலும் எம்மோடு பேசத் தொடங்கிவிட்டார்.

சித்திரைப் புத்தாண்டன்று வண்டிக்குப் பொட்டு வைக்கச் சந்தனக் கிண்ணத்தை எமது கையில் தந்த தாயார், நாம் படியிறங்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"முன்னுக்கு மட்டும் வை. கீழை ஒண்டுக்கும் பூசிப்போடாதை."