ஆணி இல்லாத வீடு

சிரம்பான்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். இங்கே ஒரு வாரமாக மழை. பெரியம்மாவுக்கு முட்டிவலி, வழக்கம்போல்.

ஃபுளோரன்ஸில் நீ பார்த்த மெடிச்சி மாளிகையின் படங்கள் வந்து சேர்ந்தன. எண்ணினேன், 62. கடைசிப் படத்துக்குக் கீழே நீ எழுதிய இரண்டு வரிதான் என்னைத் தாளும் பேனாவும் எடுக்க வைத்தது. ‘உங்கள் ஊரிலும் இப்படி அரண்மனை உண்டா?’ என்று கூடப் படிக்கிறவள் கேட்டாளாம். ஸ்ரீ மெனாந்தி என்று சொல்லிவிட்டாயாம். சொன்ன பிறகு கூச்சமாகிவிட்டதாம். ‘அது நம்முடையதா பெரியப்பா? நாம் தோட்டத்துக்காரர்கள்தானே?’

பத்து வயதில் உன்னை அங்கே கூட்டிப் போனேன். காரைவிட்டு இறங்காமல் கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்தாய். இதைச் சொல்லிக் காட்டவில்லை. சரி, சொல்லித்தான் காட்டுகிறேன்.

புக்கிட் புத்தூஸ் வளைவுகளில் நீ வாந்தி எடுத்தது நினைவிருக்குமே, அந்தக் கணவாயில்தான் 1875 டிசம்பரில் சண்டை நடந்தது. ஸ்ரீ மெனாந்தி அரசர் யாம்துவான் அந்தாவின் ஆட்கள் மேலே தடுப்புக் கட்டி நின்றார்கள். கீழிருந்து ஏறிய வெள்ளைக்காரப் படையில் கூர்க்காக்கள் இருந்தார்கள். அவர்களை நடத்திப் போன சானர் என்ற கேப்டனுக்கு விக்டோரியா சிலுவைப் பதக்கம் கிடைத்தது. அந்தப் போரில்தான் ஸ்ரீ மெனாந்தியின் பழைய அரண்மனையை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கொளுத்தினார்கள். ரப்பர்ப் பால் வெட்ட நாம் வருவதற்கு முன்பே இந்தியாவிலிருந்து வந்தவர்கள் அந்த மலையைத் துப்பாக்கியோடு ஏறியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கும். ஆனாலும் விடாமல் சொல்லிக்கொடுத்தேன்.

இப்போது நிற்கிற அரண்மனையை 1902-இல் தொடங்கி 1908-இல் முடித்தார்கள். துவாங்கு முகமது காலம். நான்கு அடுக்கு, செங்கால் மரம், 99 தூண்கள். லுவாக்கு எனப்படும் பல குறுநிலங்களைச் சேர்ந்த 99 வீரர்களுக்காக என்பார்கள். 1931 வரை அரச குடும்பம் அங்கே குடியிருந்தது. 1992-இல் அருங்காட்சியகம் ஆனது. உன் பணப்பையில் மிச்சம் கிடக்கும் வெள்ளி நோட்டை எடுத்துப் பார். அதில் இருப்பவர் துவாங்கு முகமதுவின் மகன், நாட்டின் முதல் பேரரசர் துவாங்கு அப்துல் ரகுமான். 1895-இல் ஸ்ரீ மெனாந்தியில் பிறந்தவர். அந்த வீடு எழும்பும்போது சின்னப் பையன்.

ஆனால் பாப்பா, அந்த வீட்டில் விசேஷம் தூணோ அடுக்கோ இல்லை. ஓர் ஆணிகூட அடிக்காமல் கட்டினார்கள், அதுதான். மரத்தில் துளை போட்டு, மரமுளை இறக்கி, ஒன்றோடு ஒன்றைக் கோத்திருக்கிறார்கள்.

1993-இல் எங்கள் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்துப் போனபோது உன் தாத்தாவும் தொற்றிக்கொண்டு வந்தார். அவர் தோட்டத்துத் தச்சர் என்பது உனக்குத் தெரியும். கழற்றிய பலகையிலிருந்து கோணல் ஆணிகளைப் பிடுங்கி, கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, பால் டின்னில் போட்டு வைப்பார். லயத்து வீடுகள் பாதிக்கு மேல் அந்த நிமிர்த்திய ஆணியில்தான் நின்றன. ஆணி இல்லை என்று வழிகாட்டி சொன்னதும் தாத்தா சிரித்துவிட்டார். ‘இவன் புள்ளைங்களுக்குக் கத சொல்றான்’ என்று என் காதில் சொல்லிவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அரண்மனைக்கு அடியில் புகுந்தார். தூண் தூணாகத் தடவிக்கொண்டே போனார். பிள்ளைகள் எல்லாம் பேருந்தில் ஏறியாகிவிட்டது, கிழவரைக் காணோம். தேடிப் போனால் ஒரு மூட்டுக்குக் கீழே அண்ணாந்தபடி உட்கார்ந்திருந்தார். ‘யாருடா வேல செஞ்சது?’ என்றார்.

துக்காங் கஹார், துக்காங் தாயிப் என்று இரண்டு தச்சர்கள். பெயர் அங்கேயே எழுதியிருக்கிறது என்றேன். தாத்தா வீடு வந்து சேரும்வரை அந்த இரண்டு பெயரையும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். தூண்களை மட்டும் அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு முறை எண்ணினாராம், 97-தான் வந்ததாம்.

உன் 62 படங்களில் எனக்குப் பிடித்தது மாளிகைக்குள் இருக்கும் சிறிய வழிபாட்டு அறைச் சுவர். 1459-இல் பெனோட்சோ கோட்சோலி அதைத் தீட்டத் தொடங்கினான். அந்த ஊர்வலக் கூட்டத்துக்குள் தன் முகத்தையும் வரைந்து, குல்லாவில் தன் பெயரை எழுதிக்கொண்டான். நீ கவனித்தாயா? கவனித்திருக்க மாட்டாய், மெடிச்சிகளின் முகத்தைத்தான் பெரிதாக்கி எடுத்திருக்கிறாய். வட்டிக்கடைப் பணத்தில் கட்டிய மாளிகை அது. பணம் போட்டவன் பெயரும் இருக்கிறது, தூரிகை பிடித்தவன் பெயரும் இருக்கிறது.

இனி நம் கதை. ஸ்ரீ மெனாந்தியில் கஹாரும் தாயிப்பும் மரம் இழைத்த அதே வருடங்களில்தான் இந்த மாநிலமெங்கும் காட்டை அழித்து ரப்பர் கன்று நட்டார்கள். ரப்பருக்கு நல்ல கிராக்கி. தாத்தாவின் அப்பா ஒரு கங்காணி கூட்டி வந்த கூட்டத்தோடு கப்பலில் வந்து இறங்கியதும் அப்போதுதான். அவர்களுக்கும் வீடு கட்டினார்கள்: எட்டு வாசல் லயம், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை.

1909-இல் இந்த மாநிலத்தில் ஒரு சட்டம் வந்தது. மினாங்கபாவ் மக்களின் அடாட் பெர்பாத்தே வழக்கப்படி தாயிடமிருந்து மகளுக்குப் போகும் நிலத்தை ஏட்டில் பதிந்து வைக்கும் சட்டம். நல்ல சட்டம், அவர்கள் நிலம் பெண்கள் பேரில் நின்றது. உன் பாட்டி நாற்பது வருடம் நிரை பிடித்துப் பால் வெட்டினாள். அவள் பேரில் ஒரு பூச்சட்டிக்கு மண்கூட இல்லை. தோட்டம் கைமாறியபோது லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள், செய்தோம். அங்கே இப்போது வீடமைப்பு. தொழிலாளர் பெயரும் கூலியும் எழுதிய அலுவலகத்துச் செக்ரோல் புத்தகங்களைப் பின்பக்கம் குவித்துக் கொளுத்தினார்கள். மூன்று தலைமுறைப் பெயர் அதில் இருந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு புத்தகத்தையாவது இழுத்து எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை.

ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போன தாத்தாவின் அண்ணன் திரும்பவில்லை. அந்தப் பாதை ஓடிய காஞ்சனபுரியில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல் வரிசை வரிசையாக இருக்கிறது. அங்கே போனபோது அத்தனை வரிசையும் நடந்தேன். எதை எதிர்பார்த்து நடந்தேன் என்று எனக்கே தெரியாது.

ஸ்ரீ மெனாந்தி நம்முடையதா என்று கேட்டாய். இல்லை, அது அவர்கள் வீடு. நாம் நூறு வருடத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். பக்கத்து வீட்டைக் காட்டி ‘எங்கள் ஊர்’ என்று சொல்ல உனக்கு எல்லா உரிமையும் உண்டு என்பது என் கட்சி. உன் அப்பா வேறு மாதிரி பேசுவான், காதில் வாங்காதே. ஆனால் தோழியிடம் அரண்மனையைச் சொன்னவள் லயத்தையும் சொல்லியிருக்கலாம். அதுதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

டிசம்பரில் வருகிறாயாமே. இந்த முறை கோலாலம்பூர்க் கடைகளோடு திரும்பிவிடாமல் இரண்டு நாள் இங்கே தங்கு. உன் அத்தைப்பாட்டிக்குத் தொண்ணூறு ஆகிறது. காலையில் பசியாறியதை மதியம் மறந்துவிடுகிறாள். ஆனால் நம் லயத்தின் எட்டு வாசலிலும் யார் யார் இருந்தார்கள், யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று வரிசையாகச் சொல்கிறாள். என் கை நடுங்குகிறது, எழுத முடியவில்லை. நோட்டுப் புத்தகம் கொண்டு வா.

அன்புடன்,
பெரியப்பா