தமிழ் வழியே பிரெஞ்சு

எனக்கு ஆங்கிலமே தட்டுத்தடுமாறித்தான் வரும். அப்படிப்பட்டவன் பிரெஞ்சு படிக்கக் கிளம்பியபோது செஞ்சியில் சிரித்தார்கள். எனக்கும் உள்ளூர உதறல்தான். ஆனால் ஆசை விடவில்லை. 1750-ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பிடித்து, 1761-ல் ஆங்கிலேயரிடம் பறிபோகும்வரை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது எங்கள் செஞ்சிக் கோட்டை. அதைப் பார்க்கப் புதுச்சேரியிலிருந்து வரும் பிரெஞ்சுப் பயணிகளிடம் அவர்கள் மொழியிலேயே பேச வேண்டும் என்று திண்டிவனம் வழியாக பிரெஞ்சு வகுப்புக்கு பஸ் ஏறினேன்.

வகுப்பில் பாடம் ஆங்கிலத்தில்தான். 'து' எப்போது, 'வூ' எப்போது என்பது எல்லோருக்கும் வந்த முதல் சந்தேகம். ஆங்கிலத்திலேயே யோசித்தவர்கள் திணறினார்கள். எனக்கு நீயும் நீங்களும் போதுமாக இருந்தன. நீங்கள் போலவே வூவும் மரியாதைக்கும் வரும், பலரைக் குறிக்கவும் வரும். 'ஸ மெ ப்ளே' என்ற வாக்கியமும் அப்படித்தான். 'அது எனக்குப் பிடிக்கிறது' என்பதில் எழுவாய் அதுதான், நான் அல்ல. பிரெஞ்சிலும் அதே கதை. அன்றோடு உதறல் பாதி போயிற்று.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று பால் காட்டும் 'லெ', 'லா' வந்தபோது தமிழ் கைகொடுக்கவில்லை. நாம் பொருளைப் பார்த்துத் திணையும் பாலும் சொல்கிறோம். கோட்டை எப்போதும் அஃறிணை. பிரெஞ்சில் அதே கோட்டை 'லெ ஃபோர்' என்றால் ஆண்பால், 'லா ஃபோர்தெரெஸ்' என்றால் பெண்பால். கோட்டை நிற்கும் ராஜகிரி மலையை 'லெ மோன்' என்றும் சொல்லலாம், 'லா மோன்தாஞ்' என்றும் சொல்லலாம். பால் மலைக்கு இல்லை, சொல்லுக்குத்தான் என்று புரிந்ததும் 'ஏன்' என்று கேட்பதை விட்டு, சொல்லின் வாலைப் பார்க்கத் தொடங்கினேன். 'சியோன்' என்று முடிந்தால் பெரும்பாலும் பெண்பால். 'ஆழ்' என்று முடிந்தால் பெரும்பாலும் ஆண்பால். கடற்கரையைக் குறிக்கும் 'லா ப்ளாழ்' போன்ற விலக்குகளை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

'தெரியும்' இன்னொரு சிக்கல். கோட்டையைத் தெரியும் என்பதற்கு 'கொனேத்ர்'; அது எங்கே இருக்கிறது என்று தெரியும் என்பதற்கு 'சவ்வார்'. ஆளும் இடமும் முன்னதில் அடங்கும். செய்தியும், நீந்தத் தெரிவது போன்ற திறமையும் பின்னதில்.

பிரெஞ்சு படிக்க ஆங்கிலம் வேண்டுமா என்று இப்போது என்னிடம் கேட்கிறார்கள். வேண்டியதில்லை. சந்தேகம் வந்தால் தமிழில் அதை எப்படிச் சொல்வோம் என்று முதலில் பாருங்கள். ஒத்துப்போனால் வேலை மிச்சம். ஒத்துப்போகாத இடங்களுக்கு மட்டும் ஒரு நோட்டுப் போடுங்கள். அதில் எந்தப் பெயர்ச்சொல்லையும் லெ, லா இல்லாமல் எழுதாதீர்கள்.