கடைசிப் பட்டம் இறங்கும்வரை

படிப்பை முடித்து, நல்ல வேலையில் அமர்ந்து, தம்பி தங்கைகளுக்கும் கைகொடுக்கத் தொடங்கிவிட்டால், "ஒருவழியாகக் கரையேறிவிட்டான்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். தோட்டத்தையும் தொழிற்சாலையையும் தவிர வேறெதையும் அதிகம் பார்த்திராத குடும்பங்களில்கூட இந்தச் சொல் புழங்குகிறது. ஆனால் கரையேறியவன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அந்தச் சொல் கூறுவதில்லை. அதற்கான விடை எனக்கு விரிவுரை மண்டபத்தில் கிடைக்கவில்லை. குவாந்தானுக்கு வடக்கே உள்ள பாலோக் கடற்கரையில், அடுத்தவரின் பட்டத்தைப் பிடித்து இறக்கக் கற்றபோதுதான் கிடைத்தது.

பட்டம் என்றதும் பட்டமளிப்பு விழாவை நினைத்துவிட வேண்டாம். நான் சொல்வது காற்றில் பறக்கும் பட்டத்தை. கைட்சர்ஃபிங் என்னும் விளையாட்டில், கால்களைப் பலகையில் மாட்டிக்கொண்டு, இடுப்பில் கட்டிய வாரில் பட்டத்தைக் கொக்கியிட்டு, அது இழுக்கும் வேகத்தில் கடல்மேல் சறுக்கிச் செல்கிறார்கள். பிரான்சு நாட்டைச் சேர்ந்த புரூனோ, டொமினிக் என்ற இரு சகோதரர்கள், நீரில் விழுந்தாலும் மீண்டும் எழும்பும் காற்றடைத்த பட்டத்துக்கு 1984-இல் காப்புரிமை பதிந்தார்கள். அங்கிருந்து வளர்ந்த இந்த விளையாட்டு, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றது. அந்தப் போட்டியில் நம் அண்டை நாடான சிங்கப்பூரின் 17 வயது மேக்ஸ் மேடர் வெண்கலப் பதக்கம் வென்றார். அவர் வென்ற ஆகஸ்டு 9 சிங்கப்பூரின் தேசிய தினமாகவும் அமைந்தது.

கிள்ளானில் பிறந்து வளர்ந்த எனக்குக் கடல் என்றால் துறைமுகமும் கப்பல்களும்தாம். மாலையில் தஞ்சோங் ஹராப்பானில் காற்று வாங்குவோம். பள்ளி விடுமுறையில் மோரிப்புக்குப் போய்ச் சேற்றில் கால் புதைய நடப்போம். எதிரே சுமத்ரா தீவு மறைத்து நிற்பதால் மலாக்கா நீரிணையில் நின்று நிதானமாக வீசும் பலத்த காற்று குறைவு. ஆகவே பட்டத்தை நம்பிக் கடலில் இறங்க விரும்பும் கோலாலம்பூர்க்காரர்கள், நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றைத் தேடிக் கிழக்குக் கரைக்குப் போகிறார்கள். பிரிக்பீல்ட்ஸில் காலைப் பசியாறிவிட்டுக் காராக் நெடுஞ்சாலை வழியாகக் கிளம்பினால் நண்பகலுக்குள் பாலோக் போய்விடலாம். வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் நண்பன் ஒருவன் என்னை அப்படித்தான் இழுத்துச் சென்றான்.

முதல் நாள் என்னை யாரும் தண்ணீரில் இறக்கவில்லை. "முதலில் கரையில் நில். மற்றவர்களின் பட்டத்தைப் பிடிக்கக் கற்றுக்கொள்," என்றார் பயிற்றுநர். எனக்குச் சிறிது ஏமாற்றம்தான். இரண்டரை நூறு கிலோமீட்டர் வந்தது மணலில் நிற்பதற்கா? ஒரு மணி நேரம் கவனித்த பிறகுதான் காரணம் விளங்கியது.

ஒரு பட்டத்தின் பரப்பு 12 சதுர மீட்டர் என்றால், அது மூன்று மீட்டருக்கு நான்கு மீட்டர் உள்ள ஓர் அறையின் தரை அளவு. அத்தனை பெரிய துணி, ஏறத்தாழ 20 முதல் 24 மீட்டர் நீளமுள்ள மெல்லிய கயிறுகளின் முனையில் பறக்கிறது. கடலில் இருக்கும்வரை அது வாகனம். விழுந்தாலும் தண்ணீர்தான். கரைக்கு வந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. மரம், கார், பாறை, பலூன் விற்பவர், மணல்வீடு கட்டும் குழந்தை என்று சுற்றிலும் மோதுவதற்கு ஆயிரம் உண்டு. கடலில் ஒன்றரை மணி நேரம் சுற்றிய கைகளோ ஓய்ந்து போயிருக்கும். தன் பட்டத்தைத் தானே தரையிறக்க வழிகள் இருந்தாலும், இன்னொருவர் வந்து பிடிப்பதே பாதுகாப்பான வழி. தேர்ந்த வீரரும் அந்த நேரத்தில் கரையில் நிற்கும் ஒருவரை நம்பித்தான் இருக்கிறார்.

இருவருக்கும் இடையே கயிற்றின் நீளமும் காற்றின் இரைச்சலும் இருப்பதால் கத்திப் பயனில்லை. எல்லாம் சைகைதான். இறங்க வேண்டும் என்றால், உள்ளங்கையால் உச்சந்தலையில் தட்டிக் காட்ட வேண்டும். பிடிக்கத் தயாராக இருப்பவரும் அதேபோல் தன் தலையில் தட்டிக் காட்டுவார். "தலையில் கை வைக்காதே, வீட்டுக்கு ஆகாது" என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது சற்று வேடிக்கைதான். அந்தக் கடற்கரைக்கு என் அம்மா வந்திருந்தால், இத்தனை பேருக்கு ஒரே நேரத்தில் என்ன துக்கம் என்று கேட்டிருப்பார்.

பிடிப்பதற்கும் முறை உண்டு. காற்று வீசிச் செல்லும் திசையில் நேர் நடுவே பட்டம் நின்றால் இழுவை மிக அதிகம். ஓரத்துக்கு வரவர இழுவை தணியும். ஆகவே ஓட்டுபவர் பட்டத்தைப் பக்கவாட்டில் மெல்லத் தாழ்த்தி, அதன் ஒரு முனை மணலைத் தொடும் அளவுக்குக் கொண்டுவருவார். பிடிப்பவர் பட்டத்தைத் துரத்தி ஓடக் கூடாது. பட்டம் தன்னிடம் வரும்வரை காத்திருக்க வேண்டும். பட்டத்துக்கும் ஓட்டுபவருக்கும் நடுவே ஒருபோதும் நிற்கக் கூடாது. பட்டத்தின் வெளிப்புறமாக நின்று, காற்றடைத்த முன்குழலின் நடுப்பகுதியை உறுதியாகப் பற்ற வேண்டும். கயிற்றைத் தொடவே கூடாது. இழுவை ஏறிய கயிறு விரலைக் கத்திபோல் அறுத்துவிடும். பற்றிய பிறகு ஓட்டுபவர் சில அடி முன்னே நடந்து கயிற்றைத் தளர்த்துவார். அதன் பின்னரே பட்டத்தைக் கவிழ்த்து, முன்குழலைக் காற்றுக்கு எதிராகத் தரையில் வைத்து, மேலே மணலை அள்ளிப் போட வேண்டும்.

இதில் வீரத்துக்கு இடமே இல்லை. பிடிக்க முயலும்போது திடீர்க் காற்றில் பட்டம் கைமீறி எழும்பினால், உடனே விட்டுவிட்டு விலக வேண்டும். தொங்கிக்கொண்டு காப்பாற்றலாம் என்று நினைத்தால் இருவருக்கும் ஆபத்து. ஓட்டுபவரிடம் அவசரத்துக்குப் பட்டத்தின் இழுவையை அறுத்துவிடும் கொக்கி இருக்கிறது. கரையில் நிற்பவரிடம் அப்படி எதுவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு உல்லாசப் பயணம் வந்திருந்த பெரியவர் ஒருவர், ஓர் இளைஞன் தலையில் தட்டித் தட்டிக் காட்டுவதைப் பார்த்துவிட்டு, பாவம் பிள்ளை என்று ஓடிவந்தார். நேராகக் கயிற்றைப் பிடிக்கக் கை நீட்டினார். பக்கத்தில் நின்ற பயிற்றுநர் அவர் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார். பெரியவருக்குக் கோபம். "உதவி செய்ய வந்தவனைத் தடுக்கிறாயே, தம்பி!" என்றார். பயிற்றுநர் பணிவாகவே விளக்கினார். கேட்டபின் பெரியவர் தம் கையைப் பார்த்தபடி சிறிது நேரம் பேசாமல் நின்றார். நல்ல மனம் மட்டும் போதாது என்பதை அன்று நான் கண்ணெதிரே கண்டேன். "எனக்கு இது தெரியாது" என்று ஒதுங்கி நிற்பதும் சில வேளைகளில் பெரிய உதவிதான்.

பட்டம் நம் இனத்துக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலையொட்டி நடக்கும் பட்டப் போட்டி புகழ்பெற்றது. அங்கே பறக்கும் பெரிய பட்டங்களை ஏற்ற ஒரு குழுவே வேண்டும். 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பகுதியில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் காணொளியில் பலர் பார்த்திருப்பீர்கள். பெரிய பட்டம் ஒன்றின் கயிற்றைச் சிலர் சேர்ந்து பிடித்திருந்தார்கள். காற்று வலுத்ததும் மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட, விடாமல் பிடித்திருந்த ஓர் இளைஞர் அந்தரத்தில் தூக்கப்பட்டார். நல்ல வேளையாக, பட்டம் தாழ்ந்தபோது கீழே விழுந்து சிறு காயங்களோடு உயிர் தப்பினார். பலர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூடிப் பிடிக்கும் கயிற்றை விடுவதானால் சொல்லிவிட்டுத்தான் விட வேண்டும். மற்றவர்கள் விட்டுவிட்டார்கள் என்பது கடைசியாகப் பிடித்திருப்பவருக்குத் தெரியும்போது அவர் கால் தரையில் இருக்காது.

பாலோக்கில் நான் கற்ற ஒழுங்குகளுள் முக்கியமானது, இறங்கியவர் உடனே போய்விடக் கூடாது என்பது. நம்மை ஒருவர் இறக்கினார் அல்லவா? அதற்கு அவர் காசு வாங்குவதில்லை. நம் கல்யாணங்களில் மொய் எழுதுவதுபோல் கணக்கு வைப்பதும் இல்லை. அந்தக் கடனை அவரிடமே திருப்பித் தர வேண்டியதில்லை. அடுத்து வருபவரின் பட்டத்தைப் பிடித்தால் அது தீர்ந்துவிடும். களைத்தவருக்கும் புதியவருக்கும் முதல் இடம். அனுபவம் உள்ளவர்கள் கரையை நெருக்காமல் கடலிலேயே வட்டமிட்டுக் காத்திருப்பார்கள். கடைசிப் பட்டம் இறங்கும்வரை யாராவது ஒருவர் கரையில் நிற்பார்.

ஒரு ஜனவரி மாலையில் இந்த ஒழுங்கின் மதிப்பை முழுமையாக உணர்ந்தேன். வடகிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை மேகத்துக்கு முன்னால் காற்று சட்டென்று வலுக்கும் என்பதால் எல்லாரும் அவசரமாகத் திரும்பினார்கள். ஒவ்வொன்றாக நான்கு பட்டங்கள் இறங்கின. என் பட்டமும் அவற்றுள் ஒன்று. கடலில் இன்னும் ஒருவர் இருந்தார். விளையாட்டுக்கு வந்து ஓர் ஆண்டுகூட ஆகாத மாணவி. என் பட்டத்தை இறக்கிவிட்ட மலாய்க்கார அண்ணன் அதற்குள் சாமான்களைக் காரில் ஏற்றி, இயந்திரத்தையும் முடுக்கிவிட்டார். கதவை மூடும் முன் ஒருமுறை கடலைத் திரும்பிப் பார்த்தார். காரை அணைத்தார். மணலில் ஓடி வந்தார்.

அந்தப் பெண் கரையை நெருங்கித் தலையில் தட்டினாள். அண்ணனும் தட்டினார். பட்டம் தாழ்ந்து வரும்போது காற்று ஓங்கி அடித்தது. பட்டம் மேலே எகிறியது. அவள் இரண்டடி முன்னே இழுபட்டாள். அண்ணன் ஓடவில்லை, கத்தவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, கையை மட்டும் தாழ்த்தி, மெல்ல, மெல்ல என்று காட்டினார். நான் அவள் பக்கம் போய் இடுப்பு வாரின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாம் முறை பட்டம் ஓரத்துக்கு வந்தது. அண்ணன் பற்றிவிட்டார். முதல் மழைத்துளி விழும்போது பட்டம் மணலில் கிடந்தது. அவளுக்குக் கை நடுங்கியது. "தெரிமா காசே, அபாங்" என்றாள். "பரவாயில்லை. நாளை நீ யாரையாவது இறக்கு," என்று மலாயில் சொல்லிவிட்டு அவர் காருக்கு நடந்தார்.

அவள் பின்னர் என்னிடம் சொன்னது ஒன்று உண்டு. காற்று ஏறத் தொடங்கியபோதே இறங்க நினைத்தாளாம். "எல்லாரும் அவசரத்தில் இருந்தார்கள். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று காத்திருந்தேன், அண்ணா." இந்த வார்த்தை எனக்குப் புதிதல்ல. பிறரை நம்பி நிற்காதே, யாருக்கும் பாரமாய் இராதே என்று சொல்லித்தான் நம் வீடுகளில் வளர்க்கிறார்கள். நல்ல பாடம்தான். ஆனால் புரியாத பாடத்தைக் கேட்கக் கூச்சப்படும் முதலாண்டு மாணவர்களையும், பணமுடையை வெளியில் சொல்லாமல் படிப்பைப் பாதியில் விட்டுப்போனவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். தலையில் தட்டிக் காட்ட வேண்டிய நேரத்தில் தட்டிவிட வேண்டும். கடற்கரையில் அதை யாரும் இழுக்காக நினைப்பதில்லை.

கேட்காமலே துணை நிற்கும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. தைப்பூசத்தன்று பத்துமலையில் காவடி சுமப்பவரோடு நடந்து செல்பவர்களைக் கவனியுங்கள். ஒருவர் கையில் முக்காலி, ஒருவர் கையில் தண்ணீர். கூட்டத்தை விலக்குவதும், காவடி சாயும்போது தாங்குவதும் அவர்கள் வேலை. எப்போது நெருங்க வேண்டும், எப்போது விலக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். 272 படிகளும் ஏறிக் காவடி இறங்கும்வரை அவர்கள் வீடு திரும்புவதில்லை. பாலோக்கில் நான் பார்த்ததும் இதே துணைதான். வேறு உடை, வேறு மொழி, அவ்வளவே.

திருக்குறளில் பிறருக்கு உதவுவதைப் பற்றிய அதிகாரத்துக்கு ஒப்புரவறிதல் என்று பெயர். பெற்ற உதவியைப் பற்றிய அதிகாரத்துக்குச் செய்ந்நன்றியறிதல் என்று பெயர். இரண்டு பெயரிலும் 'அறிதல்' இருப்பதை மாணவப் பருவத்தில் நான் பொருட்படுத்தியதில்லை. கயிற்றைத் தொடாதே, குழலைப் பற்று என்று கற்றபிறகு அந்தச் சொல்லின் அழுத்தம் புரிகிறது. உதவுவது அறிந்து செய்ய வேண்டிய காரியம்.

பேரவை நண்பர்களே, நம்முள் பலர் பட்டம் வாங்கிக் கரையேறிவிட்டோம். அன்று யாரோ ஒரு மூத்த மாணவர் நமக்காகக் கரையில் நின்றிருப்பார். விண்ணப்பப் பாரம் நிரப்பித் தந்திருப்பார், பழைய வினாத்தாளைக் கொடுத்திருப்பார், முதல் நேர்முகத் தேர்வுக்குத் தம் கழுத்துப்பட்டையைக் கழற்றித் தந்திருப்பார். இன்று நம் காரும் புறப்படத் தயாராகத்தான் இருக்கிறது. கதவை மூடும் முன் ஒருமுறை கடலைத் திரும்பிப் பார்ப்போம். அங்கே யாராவது தலையில் தட்டிக்கொண்டிருக்கக் கூடும்.