அறுபது வினாடிக் கோபம்

ஜெல்கோ ஒப்ரதோவிச்சின் முகம் சிவப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? யூடியூபில் நிறையக் கிடைக்கிறது. கூடைப்பந்தில் டைம் அவுட் என்பது அறுபது வினாடி. வியர்த்துக் கொட்டும் வீரர்கள் பெஞ்சில் வந்து உட்கார, எதிரே இந்தச் செர்பியப் பயிற்சியாளர். முதலில் காது சிவக்கிறது, பிறகு நெற்றி, பிறகு கழுத்து நரம்பு புடைக்கிறது. இரண்டு மீட்டர் உயர ஆண்கள், கோடிகளில் சம்பளம் வாங்குபவர்கள், வீட்டுப்பாடம் எழுதாத பையன்களைப் போலத் தலை குனிந்திருக்கிறார்கள். நேரம் முடிந்ததும் எழுந்து போய் ஆடுகிறார்கள்.

எனக்கு விளையாட்டு தெரியாது. எங்கள் கல்லூரி அணியில் ஆடும் மாணவி ஒருத்தி தன் போனில் காட்டித்தான் முதலில் பார்த்தேன். அவளுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். எனக்கும் பிடித்துப்போனது என்பதுதான் தொந்தரவு. கத்துகிற ஆண்களோடு ஒரு கூரையின் கீழ் இருக்க முடியாது என்று தீர்மானித்து வாழ்க்கையை அமைத்துக்கொண்டவள் நான். இந்த மனிதர் கத்துவதை மட்டும் ஏன் இரவு பதினொரு மணிக்கு மேல் உட்கார்ந்து பார்க்கிறேன்?

அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். 1960-இல் சாச்சாக் என்ற ஊரில் பிறந்தவர். ஊர் அணியான போராட்சில் ஆடிப் பிறகு பெல்கிரேடின் பார்டிசானுக்குப் போனார். பந்தைக் கொண்டுபோய் மற்றவர்களுக்குப் பிரித்துத் தரும் கார்டு. 1988 சியோல் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய, 1990 உலகக் கோப்பையை வென்ற யூகோஸ்லாவிய அணிகளில் இருந்தார். 1991-இல் ரோமில் நடக்கவிருந்த ஐரோப்பியப் போட்டிக்காகத் தேசிய அணியோடு பயிற்சியில் இருந்தபோது பார்டிசான் அவரைக் கூப்பிட்டது. ஆடுவதற்கு அல்ல, தலைமைப் பயிற்சியாளராக. வயது 31. அதுவரை அவர் எந்த அணிக்கும் பயிற்சியளித்ததில்லை. பார்டிசானை அப்போது நடத்தியவர்களில் ஒருவரான த்ராகன் கிச்சனோவிச்சும் சாச்சாக்காரர்தான். முகாமிலிருந்து கிளம்பினார், ஆட்டக்காரராகத் திரும்பவேயில்லை.

அடுத்து நடந்ததை ஐரோப்பியக் கூடைப்பந்து ரசிகர்கள் புராணம் போலச் சொல்வார்கள். நாடு உடைந்துகொண்டிருந்தது. சொந்த ஊரில் ஆட அனுமதியில்லாமல், மாட்ரிட்டுக்குப் பக்கத்திலுள்ள புவென்லப்ராதா என்ற ஊரைச் சொந்த ஊராக வைத்துக்கொண்டு அந்த இளம் அணி ஆடியது. சாராயேவோ முற்றுகை தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்த 1992 ஏப்ரலில், இஸ்தான்புல்லில் இறுதியாட்டம். கடைசி வினாடிகளில் சாஷா ஜோர்ஜெவிச் தூரத்திலிருந்து எறிந்த பந்து விழுந்தது. 71-70. முதல் வருஷமே ஐரோப்பியக் கோப்பை. இன்று அவர் கணக்கில் அப்படி 9 கோப்பைகள், ஐந்து கிளப்புகளோடு. வேறு யாருக்கும் அவ்வளவு இல்லை.

அந்த முதல் வருஷத்தில் அவர் பக்கத்தில் ஆலோசகராக ஒரு முதியவர் இருந்தார். அலெக்சாண்டர் நிகோலிச். யூகோஸ்லாவியக் கூடைப்பந்தை உருவாக்கியவர்களில் ஒருவர்; எல்லோருக்கும் ‘பேராசிரியர்’. நான் அதிக நேரம் நின்றது இந்த இடத்தில்தான். ஒன்றும் செய்து காட்டாத ஓர் இளைஞன்மேல் ஒரு கிளப் பந்தயம் கட்டுகிறது. தவறினால் தாங்கிக்கொள்ள ஊரிலேயே பெரிய ஆசானை அருகில் உட்கார வைக்கிறது. அவன் கத்தினால் அதைக் கேட்டுக்கொள்ளப் பதினைந்து பேர் தயாராக இருக்கிறார்கள். ஒப்ரதோவிச் மேதை, சந்தேகமில்லை. அது தெரியவருவதற்கு முன்பே நாற்காலி வந்துவிட்டது என்பதைத்தான் சொல்கிறேன்.

கோபத்துக்கும் முன்கூட்டியே இடம் போட்டு வைக்க வேண்டியிருக்கிறது. தொல்காப்பியம் வெகுளி பிறக்க நான்கு காரணங்கள் சொல்கிறது: உறுப்பை அறுத்தல், தன் குடியைத் துன்புறுத்தல், அடித்தல், கொலை. தடுப்பாட்டத்துக்கு ஓடி வராதது பட்டியலில் இல்லை. பெண்ணின் கோபத்துக்கோ அகப்பாட்டில் ஊடல் என்று தனி அறையே உண்டு. அவன் வந்து கெஞ்சியதும் தீர்ந்துவிட வேண்டிய கோபம் அது. வேலை ஒழுங்காக நடக்கவில்லை என்று ஒரு பெண் கோபப்பட்டு, அதில் நியாயம் இருந்து, அவளுடைய அழகைப் பற்றி யாரும் பேசாத ஒரு பாட்டை என் மாணவிகள் தேடித் தந்தால் மகிழ்வேன்.

நான் வேலை பார்த்த ஒரு துறையில், விடைத்தாள் திருத்தாமல் மதிப்பெண் போட்ட ஒருவரைக் கூட்டத்தில் கேட்டேன். குரல் உயர்ந்தது உண்மை. “மேடம் டென்ஷன் ஆகாதீங்க, தண்ணி குடிங்க” என்றார்கள். தண்ணீர் வந்தது. விடைத்தாளைப் பற்றிய பேச்சு வரவில்லை. அதே மேசையில் ஓர் ஆண் கத்தினால் ‘கண்டிப்பானவர்’. நான் அன்று தண்ணீரைக் குடித்தேன், தாகமாகத்தான் இருந்தது.

மரீனா மல்கோவிச்சைப் பற்றி அந்த மாணவிதான் சொன்னாள். செர்பியப் பெண்கள் அணிக்குப் பயிற்சியளித்தவர், 1981-இல் பிறந்தவர். எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் முதல் பத்தியில் அப்பா வந்துவிடுகிறார்: பொஜிதார் மல்கோவிச், நான்கு முறை ஐரோப்பியக் கோப்பை வென்றவர். மகள் என்பது உண்மைதான், அந்த வீட்டில் பிறந்தது உதவியும் இருக்கும். கிச்சனோவிச்சின் ஊரில் பிறந்தது ஒப்ரதோவிச்சுக்கு உதவவில்லையா? அதை முதல் பத்தியில் யாரும் எழுதுவதில்லை. 2011-இல் தேசிய அணி மரீனாவின் கைக்கு வந்தபோது அவருக்கும் முப்பதை ஒட்டிய வயதுதான். ஆனால் அதற்குள் அவர் பல வருஷம் பெண்கள் கிளப்புகளில் பயிற்சியளித்துப் பட்டங்கள் வென்றிருந்தார்.

அவர் கைக்கு வந்த அணியின் கதையையும் சொல்ல வேண்டும். ஒப்ரதோவிச் வெள்ளி வாங்கிய அதே சியோலில் யூகோஸ்லாவியப் பெண்களும் வெள்ளி வாங்கினார்கள். அமெரிக்காவோடு இறுதியாட்டம், 77-70. 1990 உலகப் போட்டியில் வெள்ளி, 1991 ஐரோப்பியப் போட்டியில் வெள்ளி. போஸ்னியாவின் ரஸியா முயனோவிச்சும் குரோஷியாவின் தனீரா நாகிச்சும் ஒரே சட்டையில் ஆடிய அணி. பிறகு நாடுகள் பிரிந்தன. 1992 மே மாத ஐ.நா. தடை விளையாட்டையும் சேர்த்தே விதிக்கப்பட்டது. பார்டிசான் ஆண்களின் அந்த வருஷம் புராணமாயிற்று. இந்தப் பெண்களின் மூன்று வெள்ளிகளை நான் பதக்கப் பட்டியல்களில்தான் தேடிக் கண்டேன்.

2015-இல் புடாபெஸ்டில் செர்பியா பிரான்சை 76-68 என்று வென்றது. ஒன்றுபட்ட யூகோஸ்லாவியாவின் பெண்கள் ஒருமுறைகூட வாங்காத ஐரோப்பியத் தங்கம். அதோடு ரியோ ஒலிம்பிக்குக்கு நேரடி நுழைவு. ரியோவில் வெண்கலத்துக்கான ஆட்டம், மறுபடி பிரான்ஸ், 70-63. சியோலுக்குப் பிறகு 28 வருஷம் ஆகியிருந்தது. 2021-இல் வலென்சியாவில் இன்னொரு ஐரோப்பியத் தங்கம், எதிரில் பிரான்ஸ், 63-54. சில வாரங்கள் கழித்து டோக்கியோவில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பிரான்ஸ் 91-76 என்று திருப்பிக் கொடுத்தது.

இந்த நான்கு ஆட்டங்களிலும் எதிரணியின் பயிற்சியாளர் வலேரி கார்னியே. அவரும் பெண். ஆறு வருஷம், நான்கு பதக்க ஆட்டங்கள், பக்கக் கோட்டின் இரு முனைகளிலும் பெண்கள். செர்பியனும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. குரலை மட்டும்தான் கேட்க முடிகிறது. மரீனா உரக்கப் பேசுகிறார், கைகளை வீசுகிறார். யாரும் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டவில்லை. பெஞ்சிலிருக்கும் பெண்கள் குனிந்து பலகையைப் பார்க்கிறார்கள். இந்தப் பக்கமும் கோபம், அந்தப் பக்கமும் கோபம் என்றாகும்போது, கோபம் பற்றிய பேச்சே எழாமல் ஆட்டத்தைப் பார்க்க முடிகிறது. ஒப்ரதோவிச்சின் டைம் அவுட்டில் நான் எதைத் தேடினேன் என்பது எனக்கு இங்கேதான் பிடிபட்டது. அவருடைய சத்தத்தை அல்ல. சத்தம் போட்ட பிறகும் பேச்சு பந்தைப் பற்றியே இருக்கிறதே, அதை.

மாணவியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். “மேடம், அவங்க பார்டிசானுக்கும் கோச்சா இருந்தாங்க தெரியுமா?” தெரியும். பார்டிசானின் பெண்கள் அணிக்கு. பெண்கள் அணிகளுக்கு ஆண்கள் பயிற்சியளிப்பது உலகெங்கும் அன்றாடம். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. “ஆண்கள் டீமை ஏன் மேடம் அவங்களுக்குத் தரல?” என்றாள். ஒரு நாள்கூடப் பயிற்சியளித்திராத 31 வயதுக்காரருக்குத் தந்த கிளப்தான் அது. மணி அடித்துவிட்டது, அவளுக்குப் பயிற்சிக்கு நேரமாகியிருந்தது.