கிடா பக்கக் கணக்கு

செம்மறி மந்தையில் காதே இல்லாமல் ஒரு குட்டி பிறக்கிறது. சொந்தக்காரர் என்ன செய்வார்? 'ராசியில்லாத ஆடு' என்று தாயைச் சந்தைக்கு ஓட்டிவிடுவார். குட்டைக் காதுக் கிடா மட்டும் ஜம்மென்று மந்தையிலேயே இருக்கும். அடுத்த வருஷம் இன்னொரு மூளி!

பி.காம். படித்தவனுக்கு ஆட்டுக் காதில் என்ன வேலை என்கிறீர்களா? இருக்கிறது ஸார். இது சுத்தமான டபுள் என்ட்ரி சமாசாரம்.

செம்மறியின் குட்டைக் காது மெண்டல் விதிப்படிதான் இறங்குகிறது என்று 1916-லேயே அமெரிக்காவில் ரிட்ஸ்மேன் என்பவர் எழுதிவிட்டார். கணக்கு ரொம்ப சிம்பிள். ஒவ்வொரு குட்டிக்கும் அந்த மரபணு அப்பனிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இரண்டும் சரியாக இருந்தால் நீளக் காது. ஒன்று மட்டும் கோளாறு என்றால் குட்டைக் காது. இரண்டுமே கோளாறா? காது அவுட்!

ஆகவே, குட்டைக் காதுக் கிடாவையும் குட்டைக் காதுப் பெட்டையையும் சேர்த்தால், சராசரியாக நாலு குட்டியில் ஒன்றுக்கு நீளக் காது, இரண்டுக்குக் குட்டைக் காது, ஒன்றுக்குக் காதே கிடையாது. அந்தக் காதில்லாத குட்டிக்கு அப்பனும் அம்மாவும் ஆளுக்கொரு என்ட்ரி போட்டே ஆகவேண்டும். அம்மா தலையில் மட்டும் கட்ட முடியாது.

மாட்டிலும் இப்படி உண்டு. ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் மாடுகள் சிலவற்றுக்குக் காது நறுக்கிவிட்டாற்போல் இருக்கும். 2013-ல் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். ஹெச்.எம்.எக்ஸ்.1 என்ற மரபணுவை இயக்குகிற பகுதியில் 76 எழுத்துகள் இரண்டு தடவை பதிவாகியிருந்தன. ஆபீஸில் ஒரே பில்லை இரண்டு தடவை போஸ்டிங் போடுவோமே, அதேதான்!

இனி மனிதர்களுக்கு வருவோம். என் சித்தப்பா பெண்ணுக்குப் பிறந்த பையனுக்கு வலது காது பாதிதான். "கிரகணத்தன்னிக்கு மொட்டை மாடிக்குப் போனியா?" என்று கேட்டார் மாமியார். அவள் அழுதாள். மாப்பிள்ளை பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நம் காது, ஆட்டுக் காது மாதிரி ஒரே மரபணுவில் அடங்குகிற விஷயம் இல்லை. பெரும்பாலும் குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாமல் திடீரென்று வருவது. இன்னார் பக்கம் என்று கைகாட்டவே முடியாது. கிரகணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அப்புறம் அவள் பேரில் மட்டும் ஏன் பற்று எழுதவேண்டும்?

கல்யாணமான, ஆகப்போகிற வாலிபர்களே! உங்கள் வீட்டில் இப்படி ஒரு கேள்வி கிளம்பினால், "அம்மா, அவளை மட்டும் கேக்காதீங்க, நானும்தானே அப்பன்" என்று சொல்லிவிடுங்கள். கிடா வாய் திறக்காது. நாம் திறக்கலாம்.