மிஞ்சினதா, பங்கா?

எங்கள் ஊர் அடுப்படிகளில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நார்ப்பெட்டி இருக்கும். உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் அம்மாக்கள் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி அந்தப் பெட்டியில் போடுவார்கள். பிடியரிசி என்று பேர். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். (சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்லுவோம். நெல்லை, தூத்துக்குடித் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) மாதக் கடைசியில் அதை ஏலம் விட்டு, வரும் பணத்தை ஊழியத்துக்கு அனுப்புவார்கள்.

"நமக்கே ஒன்றும் இல்லை, நாம் என்னத்தைக் கொடுப்பது தோழர்?" என்று பயிலரங்குகளில் மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் எங்களுக்கு அந்தப் பெட்டிதான் நினைவுக்கு வரும். ஒரு பிடி என்றால் ஐம்பது கிராம் இருக்கும். நாற்பது வீடு. நாளுக்கு ஒரு பிடி வீதம் 2 கிலோ, மாதத்துக்கு 60 கிலோ. கொடுத்தவர்கள் வாழைத்தார் சுமந்தவர்கள், நடவு நட்டவர்கள். அதில் பாதி ரேஷன் அரிசி.

எங்கள் முன்னோரை அரிசிக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள் என்று ஏளனம் பேசுவது இன்னும் நிற்கவில்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு நெல்லைச் சீமையில் கூட்டம் கூட்டமாகச் சபையில் சேர்ந்தார்கள் என்பது உண்மைதான். பசித்தவனுக்குச் சோறு போட்ட இடத்துக்கு அவன் போனதில் என்ன வெட்கம்? சோறு போடாமல் வேடிக்கை பார்த்தவர்கள் அல்லவா வெட்கப்பட வேண்டும்! ஆனால் ஏளனம் செய்பவர்கள் கதையின் மறுபாதியைச் சொல்லுவதில்லை. வாங்கியவர்கள் ஒரு தலைமுறைக்குள் கொடுக்கவும் தொடங்கிவிட்டார்கள். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் காணிக்கையிலேயே நடத்துவோம் என்றுதான் முடிவு செய்தார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா 1910இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிமார் முகத்துக்கு நேராக ஒன்றைக் கேட்டார். ஏழைகளுக்கு உங்கள் பொருளை எல்லாம் கொடுத்துவிட்டீர்கள், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்பது அதன் சாரம். கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவில் இருக்கும் மேடு பள்ளத்தைத்தான் அவர் சொன்னார்.

அந்த மேடு பள்ளத்தில் நாங்களே ஒரு நாள் மேட்டில் நின்றோம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை மீறியது, குளங்கள் உடைந்தன. எங்கள் ஊரைச் சுற்றித் தண்ணீர். கரண்ட் இல்லை, போன் இல்லை. கோயில் மேட்டில் இருந்ததால் எங்கள் தெரு முழுவதும் அங்கே ஏறிவிட்டது. ஏலத்துக்கு வைத்திருந்த பிடியரிசி மூட்டை நனையாமல் இருந்தது. அசனப் பண்டிகைக்கு வைத்திருக்கும் அண்டாக்களும் இருந்தன. மாலைப் படிப்பகம் நடத்தும் நாங்கள் பத்துப் பேர் பெஞ்சை உடைத்து விறகாக்கி அடுப்பு மூட்டினோம்.

பிடியரிசியில் சோறு வடிப்பது லேசான காரியம் இல்லை. ரேஷன் அரிசி, பொன்னி, இட்லி அரிசி எல்லாம் கலந்து கிடக்கும். ஒன்று குழையும்போது இன்னொன்று வேகாமல் விறைத்து நிற்கும். அதனால் கஞ்சியாகவே காய்ச்சினோம். தொட்டுக்கொள்ள இரண்டு நாள் உப்பு மட்டும்தான். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அரசாங்கம் வரவில்லை, நம் சோற்றை நாமே போட்டுக்கொண்டோம் என்று.

தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் வெளியூரிலிருந்து ஒரு டிரஸ்ட்டின் வேன் வந்தது. பிளெக்ஸைப் பிடித்துக்கொண்டு பொட்டலத்தை வாங்குவதுபோல ஆச்சிகளை நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். சுயமரியாதையைப் பற்றி அன்று இரவு நாங்கள் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சம் இல்லை.

அதற்கு மறுநாள்தான் யாரோ கேட்டார்கள், "கீழக்கோடி வீடெல்லாம் என்ன ஆச்சு?"

கீழக்கோடியில் பதினோரு அருந்ததியர் வீடுகள். பாதிப் பேருக்குப் பஞ்சாயத்தில் தூய்மைப் பணி. அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. அரசாங்கச் சான்றிதழ்படி அவர்கள் பட்டியல் சாதி, நாங்கள் மதம் மாறியதால் பிற்படுத்தப்பட்டோர். மேலத்தெருக்காரன் கண்ணுக்கு இரண்டு தெருவும் ஒன்றுதான். எங்கள் கண்ணுக்கு ஒன்றாக இல்லை என்பது அன்றைக்குத் தெரிந்தது. நாங்கள் அவர்களை ஒதுக்கவில்லை. நினைக்கவே இல்லை. எது மோசம் என்று இன்னும் எங்களுக்குள் சண்டை ஓடுகிறது.

ஒரு வாளிக் கஞ்சியை எடுத்துக்கொண்டு ஓடினோம். பள்ளிக்கூட மாடியில் இருந்தார்கள். பிஸ்கட்டும் மழைத் தண்ணீருமாக மூன்று நாள். அவர்களில் ஒரு அக்கா, படிப்பகத்துக்கு வரும் பிள்ளை ஒருத்தியின் அம்மா, வாளியை எட்டிப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"இது உங்களுக்கு மிஞ்சினதா தம்பி, இல்ல எங்க பங்கா?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. அது மிஞ்சினதுதான்.

திரும்பி வந்ததும் கூட்டம் போட்டோம். சிலருக்குக் கோபம். நன்றி இல்லை பார் என்றார்கள். பிளெக்ஸ்காரனும் அதையே சொல்லுவானே என்று ஒரு தோழி சொன்னதும் அடங்கினார்கள். அப்போது எங்கள் உபதேசியார்தான் அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தை எடுத்தார். வீட்டுக்குப் போய்ப் பைபிளைத் திறந்து பாருங்கள், நம்பிக்கை இல்லாத தோழர்களும்தான். எருசலேமின் முதல் சபையில் தினமும் பந்தி நடக்கிறது. கிரேக்க மொழி பேசும் கூட்டத்தின் விதவைகளுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று முறுமுறுப்பு எழுகிறது. அப்போஸ்தலர்கள் இரக்கப்பட்டு அவர்களுக்குக் கூட ஒரு கரண்டி ஊற்றச் சொல்லவில்லை. பந்தி விசாரிப்பை ஏழு பேரிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, தீமோன், நிக்கானோர்... அந்த ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்கள் பக்கமே கரண்டி போய்விட்டது.

இந்தப் பகுதியை வைத்து யாரும் எங்களுக்குப் பிரசங்கம் செய்ததில்லை. விதவையின் இரண்டு காசு பற்றித்தான் வருஷா வருஷம் கேட்டிருக்கிறோம், அதுவும் கட்டட நிதி திரட்டும்போது. மாற்கு பன்னிரண்டாம் அதிகாரத்தில் அந்தக் காசுக்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகரை இயேசு திட்டுகிறார். அதை விட்டுவிட்டு வாசித்தால் இல்லாதவளிடம் வாங்குவதற்கு வசதியாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால், அவளிடம் ஏன் இரண்டே காசு மிஞ்சியது என்ற கேள்வி வந்துவிடும்.

மறுநாள் காலையில் அரிசி மூட்டை இருந்த அறைச் சாவியை அந்த அக்காவிடம் கொடுத்தோம். அவரும் கீழக்கோடி ஆண்கள் இருவரும் கோயில் வாசலில் காய்ச்சினார்கள். காந்தலில்லாமல், ரசம் வைத்து, எங்களைவிட நன்றாக. எங்கள் தெருவில் நான்கு குடும்பங்கள் அன்று கஞ்சி வாங்க வரவில்லை. வயிறு சரியில்லை என்றார்கள், நான்கு குடும்பத்துக்கும் ஒரே நாளில். அவர்களில் எங்கள் சொந்தக்காரர்களும் உண்டு. பள்ளிப் பருவத்தில் தனிக் குவளையில் டீ குடித்ததை எங்களுக்குக் கதையாகச் சொன்னவர்கள் அவர்கள்.

திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரைப் பிரிக்கும் சுவரைப் பற்றி நாங்கள் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறோம். தொடர்ந்து பேசுவோம். ஆனால் அந்த நான்கு வீடுகளைப் பற்றி எந்த மேடையிலும் பேசியதில்லை. அடுத்தவன் சுவரைப் பற்றிப் பேசுவதற்கு மைக் கிடைக்கிறது. இதற்குச் சொந்தத் தெருவில் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. தட்டினோம். இரண்டு வீடுகள் திறந்தன.

வெள்ளம் வடிந்த பிறகு சபைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தோம். பிடியரிசியில் பாதியை ஏலம் விடாமல் படிப்பகப் பிள்ளைகளின் சாயந்திரக் கஞ்சிக்கு வைக்க வேண்டும், கணக்கையும் சாவியையும் இரண்டு தெருவும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று. சபையில் சேராதவர்கள் கையில் காணிக்கைச் சாவியா என்று ஒரு பெரியவர் எழுந்தார். ஒரு மணி நேரம் சத்தம். கஞ்சி வைக்கலாம் என்ற பாதி நிறைவேறியது. சாவி என்ற பாதி அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. அதற்கும் அடுத்த கூட்டத்துக்கும் தள்ளிப்போயிருக்கிறது.

இதற்கிடையில் ஒரு சனிக்கிழமை அந்த அக்காவின் மகள் படிப்பகத்துக்கு ஒரு தூக்குவாளியோடு வந்தாள். உள்ளே அரிசி, கால் வாளிக்கும் குறைவு. பதினோரு வீட்டிலும் பிடித்தது என்றாள். எந்தக் கணக்கில் எழுதுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. நோட்டில் வரவு என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறோம்.